பாய் அனுப்பிய சாம்பிராணி

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, சிட்லபாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் உட்காரும் பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டதுதான். அவருக்குப் பல வருஷமாக என் முகம் தெரியும். ஸ்டேஷனுக்கு ஓடுகிற அவசரத்தில் அவரைத் தாண்டிப் போவேனே தவிர, வேலை நாளில் ஒரு முழம் வாங்கியதில்லை.

"இன்னா மேடம், வூட்ல விசேஷமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. இனிமே தினமும் விசேஷம்தான்" என்றேன்.

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இந்த அம்மா ஏன் பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, கல்யாண வீட்டுக்கு நேராக ஆபீசிலிருந்து வந்தால் ஏன் பூவில்லாத வெறுந்தலையோடு வந்து நிற்கிறார் என்று. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். "நான் வளர்க்கிற செல்லுக்கு வாசனை பிடிக்காது" என்றால் யார் நம்புவார்கள்? ஏதோ நாய் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் நம் லேபுக்கு உங்களையெல்லாம் பார்க்க வந்தேன் அல்லவா, அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "மேடம், டியோடரன்ட்கூடவா போடக்கூடாது? இது கொஞ்சம் ஓவரா தெரியலையா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. அவளுக்கு யாரும் இஸ்மாயில் பாயைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள், கெட்டுப்போக மாட்டீர்கள்.

அப்போது நம் லேப் இவ்வளவு பெரிதாக இல்லை. பெருங்களத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரே ஒரு மாடி. செல் வளர்க்க ஓர் அறை, அதற்கு முன்னால் உடை மாற்றும் சின்ன அறை, வெளியே நீளமான வராண்டா. அறைக்குள் ஒரு பெரிய இன்குபேட்டர் இருந்தது. உடம்புச் சூட்டிலேயே செல்களை வைத்திருக்கும் அந்தப் பெட்டி, நாள் முழுக்க மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஒரு கணம் நான் அங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் வேலை கண்ணுக்கானது. கருவிழியைச் சுற்றி ஓரத்தில் ஒரு வளையம் இருக்கிறது. ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். கருவிழியின் மேல்தோல் தேயத் தேய, அங்கிருந்துதான் புதுத்தோல் கிளம்பி வரும். சுண்ணாம்போ அமிலமோ பட்டு அந்த வளையம் வெந்துபோனால் புதுத்தோல் வர வழியில்லை. பக்கத்தில் இருக்கும் வெள்ளை விழியின் சதை ஊர்ந்து வந்து மூடிவிடும். அப்புறம் பார்வை ஏது? அதனால் நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துளி தோலை எடுத்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குட ஜவ்வின் மேல் வைத்து வளர்ப்போம். அது பரவி ஒரு மெல்லிய தோலாக, எங்கள் பேச்சில் ஷீட்டாக, ஆனதும் டாக்டர் அதை வெந்த கண்ணில் வைத்துத் தைப்பார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளர்கிற செல்களெல்லாம் ஸ்டெம் செல்கள் இல்லை. நான் என்னவாக ஆகப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யாத சின்னஞ்சிறு செல்கள்தான் ஸ்டெம் செல்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிறவரெல்லாம் "அடுத்து என்ன, இன்ஜினியரிங்தானே?" என்று கேட்டுக் கேட்டே அவனை அங்கே தள்ளிவிடுவார்கள் இல்லையா? செல்லைச் சுற்றியிருக்கும் ரசாயனங்களும் அப்படித்தான். ஒன்று "வளரு" என்று சொல்லும். இன்னொன்று "போதும், பெரியவனாகு" என்று சொல்லும். பெரியவனாகிவிட்ட செல் தட்டையாக, அகலமாக, பார்க்க அழகாகத் தோலாகப் படிந்துவிடும். ஆனால் அது திரும்பச் சின்னதாகாது. கொஞ்ச காலம் உழைத்து உதிர்ந்துவிடும். நாங்கள் மீடியம் என்று சொல்லும் அந்தத் திரவத்தில் எதைச் சேர்க்கிறோம், எதைக் குறைக்கிறோம் என்பதெல்லாம் அந்தச் சின்னவர்களில் சிலரையாவது சின்னவர்களாகவே காப்பாற்றத்தான்.

இனி பாய் கதைக்கு வருகிறேன்.

இஸ்மாயில் பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் சின்னக் கடை. சாம்பிராணி, ஊதுபத்தி, அத்தர், பன்னீர். கோயிலுக்குப் போகிறவர்களும் அங்கேதான் வாங்குவார்கள், தர்காவுக்குப் போகிறவர்களும் அங்கேதான் வாங்குவார்கள். நோன்பு வரப்போகிறதென்று கடைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தபோது அது கொதித்துத் தெறித்து இடது கண் வெந்துபோனது. எங்களிடம் வந்தபோது அந்தக் கண் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது.

நல்ல கண்ணிலிருந்து தோல் எடுக்கவேண்டும் என்று சொன்னதும் அவர் மனைவி ஆயிஷா அழ ஆரம்பித்துவிட்டார்.

"இருக்கற ஒரு கண்ணையும் நோண்டணுமாம்மா? இதுலயும் ஏதாவது ஆயிட்டா நாங்க எங்க போவோம்?"

பாய் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எடுத்துக்கங்க. ஆனா ஒரு தடவைதான் மேடம். நீங்க மறுபடி கேட்டீங்கன்னா நான் வரமாட்டேன். எனக்குப் பயம். வெக்கப்படாம சொல்றேன், எனக்கு ரொம்பப் பயம்."

அப்படி எடுத்த துளி எங்கள் இன்குபேட்டருக்குள் வந்தது. அது நன்றாகவே வேர்பிடித்தது. என் கூட வேலை பார்த்த கோமதி தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பாய் சமத்தா இருக்கார் மேடம்" என்பாள். நாங்கள் செல்களை நோயாளியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறீர்கள் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் லாரிக்கும் பூஜை உண்டு, லேத்துக்கும் உண்டு, நம் லேப்புக்கும் உண்டு. எடை போடும் தராசுக்குச் சந்தனம், ஃபிரிட்ஜுக்குக் குங்குமம், செல்லைச் சுழற்றும் மெஷினுக்கு மாலை. செல் வளரும் அறை மட்டும் விதிவிலக்கு. வெளி கேட்டிலேயே கற்பூரம் ஏற்றி, பொரி கடலை கொடுத்து முடித்துவிடுவோம். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட முருகேசன்தான் வருஷா வருஷம் பூஜை போடுவார். நல்ல மனுஷன். கை சும்மாவே இருக்காது.

அந்த வருஷம் பாய் ஒரு பெரிய பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார். கடையிலேயே உசத்தியான சாம்பிராணி. கூடவே சொல்லியும் அனுப்பியிருந்தார்: "என் கண்ணு உள்ள வளருதுல்ல, அதுக்கும் சேத்துப் போடுங்க."

நான் அன்று சிட்லபாக்கத்திலிருந்து சீக்கிரமே கிளம்பினேன். என்ன பிரயோஜனம்? தொடர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற ஜனம் மொத்தமும் பெருங்களத்தூரில் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், மூட்டை முடிச்சோடு சாலையிலேயே குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஆட்டோ நகரவில்லை. கடைசியில் இறங்கி, சபித்துக்கொண்டே நடந்தேன். லேப் கேட்டுக்குள் கால் வைத்ததுமே வாசனை வந்தது. அருமையான வாசனை, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நொடி உள்ளே ஓடினேன்.

வராண்டா முழுக்கப் புகை. முருகேசன் தூபக்காலோடு நின்றிருந்தார். உடை மாற்றும் அறைக் கதவு திறந்திருந்தது.

"முருகேசன்! இதுக்குள்ள எதுக்கு வந்தீங்க?"

"உள்ள பூரா வர்ல மேடம். கதவாண்ட நின்னு காட்டிட்டு வந்தேன். பாய் கண்ணு உள்ள கீதே, அதுக்கும் காட்டுன்னு சொல்லிகீறாரே."

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து என்னவெல்லாமோ செய்தோம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: நம் அறையின் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. அன்றைக்கு நம்மிடம் கரி வடிகட்டியும் கிடையாது. இன்குபேட்டர் கதவருகே மூக்கை வைத்தால் அங்கேயும் லேசாகச் சாம்பிராணி.

முருகேசன் முகம் சுண்டிப்போய் நின்றார். "சாமிக்குக் காட்டறதுதானே மேடம், அது எப்டிக் கெட்டதா ஆவும்?" என்று கேட்டார். அப்போது எரிச்சலில் பதில் சொல்லாமல் போய்விட்டேன். பதில் இதுதான்: செல்லுக்குச் சாமியும் தெரியாது, நல்லது கெட்டதும் தெரியாது. வந்து தொடுகிற ரசாயனம் என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கும். புகையில் இருக்கும் சில பொருள்களைத் தோல் செல்கள் "பெரியவனாகு" என்ற உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த சில நாட்களில் கோமதி மைக்ராஸ்கோப்பை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"மேடம், வந்து பாருங்களேன்! ஷீட் ஃபுல்லா மூடிடுச்சு. எவ்ளோ அழகா இருக்கு! நாம சும்மா பயந்துட்டோம்."

பார்த்தேன். உண்மையிலேயே அழகுதான். தரை ஓடு பதித்த மாதிரி ஒரே சீராக, அகலமாக, தட்டையாகச் செல்கள். எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே மூடியிருந்தது. எனக்கு அந்த அழகுதான் பிடிக்கவில்லை. வழக்கமாக ஓரத்தில் குட்டி குட்டியாக, உருண்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைத் தேடினேன். செல் வளரும் தட்டைத் திருப்பித் திருப்பித் தேடினேன். எல்லோரும் பெரியவர்களாகிவிட்டிருந்தார்கள்.

அதற்குள் போட்டோ டாக்டருக்குப் போய், அவர் பாயை அட்மிட் செய்து, ஆபரேஷன் தியேட்டருக்கும் சொல்லியாயிற்று. நான் போன் செய்து வேண்டாம் என்றதும் அவர் குரல் மாறியது.

"என்ன மேடம் விளையாடறீங்களா? இதைவிட நல்ல ஷீட் நான் பார்த்ததில்ல."

"ஷீட் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அதுல ஸ்டெம் செல் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல."

"ப்ரூஃப் இருக்கா?"

"இல்ல. டெஸ்ட் பண்ணணும்னா ஷீட்டையே வெட்டணும்."

"அப்போ வெறும் சந்தேகம்."

"ஆமா, சந்தேகம்தான். நீங்க இதை வெச்சுத் தெச்சா ஒட்டிக்கும். கொஞ்ச மாசம் எல்லாரும் சந்தோஷமா இருப்போம். அப்புறம் வெள்ளை திரும்பி வரும். அப்ப அவர்கிட்ட போய் நல்ல கண்ணை மறுபடி கேப்பீங்களா?"

வேறு என்ன செய்யலாம் என்று அவரிடம் சொன்னேன். எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. முதலில் வைத்த அந்தத் துளித் தோல் ஜவ்வின் நடுவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஆழத்தில் சின்னவர்கள் சிலர் பிழைத்திருக்கலாம். அதை எடுத்துப் புது ஜவ்வில் வைத்து, புது மீடியம் ஊற்றி, வேறிடத்தில் முதலிலிருந்து வளர்க்கலாம். ஆனால் அதை எடுத்தால் இந்த ஷீட் கிழிந்துவிடும். அந்தத் துளியும் செத்திருந்தால் பாய்க்கு எதுவுமே இல்லை. கையில் இருப்பதை நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும்.

"இதை நான் பேஷன்ட்கிட்ட சொல்லமாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க" என்று டாக்டர் போனை வைத்தார். நியாயமான கோபம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, ஏனென்றால் கண் எங்கள் இருவருடையதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பாய் பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆயிஷா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாய் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம்! பூஜைக்கு நம்ம சாம்பிராணி எப்டி இருந்துச்சு? நல்லா மணந்துச்சா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"மணந்துச்சு பாய். ரொம்ப நல்லா மணந்துச்சு."

அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷீட் வந்திருக்கிறது, அது நிலைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. இன்னொரு வழி இருக்கிறது, அதில் எல்லாமே போனாலும் போகலாம். எதுவானாலும் நல்ல கண்ணை மறுபடி தொடமாட்டோம்.

"எதனால மேடம் இப்டி ஆச்சு?" என்று ஆயிஷா கேட்டார்.

"பூஜை அன்னிக்குக் கொஞ்சம் புகை உள்ள போயிடுச்சும்மா. எங்க ஆளுங்க கதவைத் தொறந்திருக்கக் கூடாது. எங்க தப்புதான்."

யாருடைய சாம்பிராணி என்று நான் சொல்லவில்லை. பாயும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பயத்தில் அந்த யோசனையே அவருக்கு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நிமிர்ந்து, "உங்க கண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"காத்திருப்பேன் பாய்."

"அப்போ இன்னா? துணியை மாத்திக்கினு வூட்டுக்குப் போறேன்" என்று கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். ஆயிஷா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

அந்தத் துளியை நானே எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். அழகான ஷீட் கண் முன்னால் சுருண்டு கிழிந்தது. கோமதி திரும்பி நின்றுகொண்டாள். மாடியில் ஓர் அறையில் சும்மா கிடந்த பழைய சின்ன இன்குபேட்டரைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, அதில் வைத்தோம். அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறும் காத்திருப்பு. ஒவ்வொரு நாளும் மைக்ராஸ்கோப்பில் அந்தத் துளி கரேலென்று ஒரு புள்ளியாகக் கிடக்கும், சுற்றிலும் ஒன்றுமே இருக்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்தாலே முருகேசன் வேறு வழியாகப் போனார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஒரு காலையில் நான் கையுறை போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது.

"மேடம்... குட்டி குட்டியா... ஓரத்துல குட்டி குட்டியா நிக்கறாங்க மேடம்!"

போய்ப் பார்த்தேன். துளியைச் சுற்றி, உருண்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு, இன்னும் எதையும் முடிவு செய்யாத சின்னவர்கள். நான் அழுதேன். முகக்கவசத்துக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது, அது ஒரு பேஜார். கோமதி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவசரப்படாமல் வளர்த்தோம். இந்த முறை ஷீட் அவ்வளவு அழகாக வரவில்லை. ஓரமெல்லாம் ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, "இதுதானா?" என்றார். "இதுதான்" என்றேன். தைத்தார். மாதங்கள் போகப் போக வெள்ளை விலகியது, திரும்பி வரவில்லை. ஆரம்பத்தில் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது என்றார் பாய். பிறகு ஆயிஷாவின் புடவை நிறம் தெரிகிறது என்றார். "அது அவ்ளோ நல்லா இல்ல மேடம்" என்று ரகசியமாகச் சொல்லி, ஆயிஷாவிடமே அடியும் வாங்கினார்.

அந்த முதல் ஷீட்டை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாது. நிலைத்தும் இருக்கலாம். தெரியாமலே முடிவெடுக்கிற இந்த வேதனை உங்களுக்கும் வரும். வரும்போது, பார்க்க அழகாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. காலையில் கேட்டருகே பாயே வந்து நின்றார். கையில் பெரிய பை. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் அவசரமாகப் பையைத் திறந்து காட்டினார். பொரி, கடலை, கொஞ்சம் வாழைப்பழம்.

"பயப்படாதீங்க மேடம். வாசனை இல்லாததாப் பாத்துத்தான் எடுத்தாந்தேன்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்குக் கட்டில்ல உக்காந்திருந்தப்பவே புரிஞ்சிடுச்சு. நீங்க சொல்லாம வுட்டீங்க. நானும் கேக்காம வுட்டேன்" என்றார்.

நான் அவரை எதிலிருந்தோ காப்பாற்றிவிட்டதாக ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சுமந்துகொண்டு, எனக்குச் சங்கடம் வேண்டாமென்று சும்மா இருந்திருக்கிறார். முருகேசனைத் தேடிப் போய், முதல் பிடி பொரியை அவர் கையில்தான் போட்டார்.

அவர் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தர் தர வருவார். நான் கையை எடுத்துக் கும்பிட்டு ஓடிவிடுவேன். சேலையில் ஒரு சொட்டு பட்டாலும் அறைக்குள் போகமுடியாதே. "இப்டி ஒரு கஸ்டமர் எனக்கு வேணாம்" என்று கேலி செய்வார்.

பணி ஓய்வு பெற்ற அந்த முதல் காலை, தலை நிறைய மல்லிகையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். பாய் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பூவையும் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு மூடுவதுபோல வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணருகே குப்பியைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டார்.

"இனிமே போட்டுக்கலாம்ல மேடம்?" என்றார்.